மகிழ்ச்சியின்மைச் சான்றிதழ்

வரி அலுவலகத்தின் ஏழாம் எண் ஜன்னலில் நின்றுகொண்டு எதை வேண்டுமானாலும் சொல்லலாம். வியாபாரம் படுத்துவிட்டது என்று சொல்லலாம், கூட்டாளி ஏமாற்றிவிட்டான் என்று சொல்லலாம், கணக்குப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது என்றுகூடச் சொல்லலாம். அதற்கெல்லாம் தனித்தனி முத்திரை வைத்திருக்கிறார்கள். சொல்லக்கூடாதது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார்.

அவர் போனது நல்ல காரியத்துக்கு. ஊருக்கு வெளியே, பேருந்து திரும்பும் இடத்தைத் தாண்டி, சின்னதாக ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தார். அதில் தக்காளியும் பீன்ஸும் போட்டு, இரண்டு ஆடுகளையும் சில வாத்துகளையும் விட்டிருந்தார். நாளைக்கே வருமானம் என்று ஏதாவது வந்துவிட்டால் வரி கட்ட வேண்டுமே, முன்கூட்டியே பதிவு செய்துவிடுவோம் என்று நேர்மையானவர்களுக்கே உரிய அவசரத்தோடு கிளம்பி வந்துவிட்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

ஜன்னலுக்குள் இருந்த எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார். “தொழில்?”

“மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கேன் சார்.”

“அப்புறம் தோட்டம் எதுக்கு?”

“சும்மா, ஒரு சந்தோஷத்துக்குத்தான்.”

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். ஆறாம் ஜன்னலிலும் எட்டாம் ஜன்னலிலும் ஓடிக்கொண்டிருந்த பேனாக்கள் தாமாக நின்றன. வரிசையில் பின்னால் நின்றவர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

“கொஞ்சம் மெதுவா பேசுங்க சார்,” என்றார் எழுத்தர். “மாடிக்குப் போங்க. மூணாவது மாடி, கடைசி ரூம். நான் அனுப்பினேன்னு சொல்லிடாதீங்க.”

கடைசி அறையின் கதவில் ‘பொழுதுபோக்கு விவகாரப் பிரிவு’ என்று எழுதியிருந்தது. உள்ளே ஜன்னல் இருந்த இடத்தில் இரும்பு பீரோவை நிறுத்தியிருந்தார்கள். பிளாஸ்டிக் செடி ஒன்று தூசி படிந்து இருந்தது. அதன் இலைகளில் ஒன்று வாடியிருந்ததுபோல் கடைக்காரருக்குத் தோன்றியது. பிளாஸ்டிக் வாடாது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். மேசைக்குப் பின்னால் மதிப்பீட்டு அலுவலர் உட்கார்ந்து, ஒரே நீளத்தில் சீவிய பென்சில்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

“தோட்டம் ரெண்டு வகைப்படும்,” என்றார் அலுவலர், நலம்கூட விசாரிக்காமல். “ஒண்ணு தொழில் தோட்டம். அதுக்கு நில வரி குறைவு, தண்ணிக் கட்டணம் குறைவு, நஷ்டம் வந்தா உங்க கடை வருமானத்துல கழிச்சுக்கலாம். இன்னொண்ணு இன்பத் தோட்டம். அது நீச்சல் குளம், உல்லாசப் படகு இதோட சேர்ந்தது. அந்த வரி கட்டி நிலத்தை வச்சிருந்தவங்க யாரையும் நான் பாத்ததில்ல.”

“எது எந்த வகைன்னு எப்படி சார் முடிவு பண்ணுவீங்க?”

“உங்களை வச்சுத்தான். நீங்க அதை அனுபவிக்கிறீங்களா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி.”

“வேலையை அனுபவிச்சு செய்யக்கூடாதா சார்?”

அலுவலர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “வேலைன்னா என்ன சார்? காலையில எந்திரிக்கும்போது வயித்துல கல்லு விழுந்த மாதிரி இருக்கணும். எப்படா முடியும்னு கடிகாரத்தையே பாக்கணும். இந்தக் கட்டடத்துல இத்தனை பேர் இருக்கோமே, யார் முகத்துலயாவது சந்தேகத்துக்கு இடமா ஏதாவது தெரியுதா? நான் இந்த நாற்காலிக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நல்லா இருந்துச்சுன்னு யாராவது நிரூபிக்கட்டும், சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்துடறேன்.”

அவர் குரலில் பெருமை தழுதழுத்தது. விரைவில் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பிவைத்தார்.

கடைக்காரருக்கு அந்த நிலம் ஏன் முக்கியம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். வாழ்நாளில் பாதியை அவர் கடையின் பின்பக்கம் உள்ள இருட்டறையில் கழித்திருக்கிறார். சின்ன விளக்கை அடுத்தவர் கண்ணுக்குள் அடித்து, கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இதுவா, அதுவா, எது தெளிவு?” என்று கேட்பதுதான் வேலை. பச்சை நிறத்தை அவர் அதிகம் பார்த்தது நிறக்குருடு சோதிக்கும் அட்டையில். நிலத்துக்கு வந்தபிறகு எது தெளிவு என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மாலையில் வேப்ப மரத்தடியில் ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு உட்காருவார். பெரிய ஆடு வந்து பக்கத்தில் நிற்கும். தலையைச் சாய்த்து, அசைபோட்டபடி, வந்தவர் போனவரை எடைபோடும் பார்வை அதற்கு. மனைவியின் பெரியம்மாவுக்கும் அதே பார்வை என்பதால் ஆட்டுக்குப் ‘பெரியம்மா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “பெரியம்மா!” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், வேலிக் கோடியிலிருந்து ஓடி வரும்.

“உண்மையைச் சொல்லிட்டு வந்தீங்களாக்கும்!” என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “உங்களுக்கு வாய்ல பூட்டு போட்டு சாவியை நான் வச்சுக்கணும்.”

இருவரும் ஆடிட்டரிடம் ஓடினார்கள். ஆடிட்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தனி வங்கிக் கணக்கு ஆரம்பிங்க. எவ்வளவு நேரம் உழைக்கிறீங்கன்னு தினமும் எழுதி வைங்க. லாபத்துக்கு ஒரு திட்டம் போடுங்க.”

“லாபமே வராதே சார்.”

“வரக்கூடாது. முதல் வருஷமே லாபம் வந்தா சந்தேகப்படுவாங்க. நஷ்டம் வரணும், ஆனா அதுக்காக நீங்க வருத்தப்படணும். உங்க பக்கத்து நிலத்து எஸ்டேட்காரரைப் பாருங்க. அவரும் என்கிட்டதான் வர்றார். நீச்சல் குளத்தைப் பாசனத் தொட்டின்னு காட்டியிருக்கோம். பந்தயக் குதிரைங்க உரம் தயாரிக்கிற பிரிவு. விருந்து மண்டபம் விதைக் கிடங்கு. வருஷா வருஷம் நஷ்டம். அவர் வருத்தப்படறதைப் பாத்தா கல்லும் கரையும் சார். போன தடவை வருத்தம் தாங்காம இன்னொரு கார் வாங்கிட்டார்.”

“அவருக்குத் தொழில் தோட்டம்னு கொடுத்திருக்காங்களா?”

“முதல் தரச் சான்றிதழ். கண்ணாடி போட்டு மாட்டியிருக்கார்.”

கோடை முடியும் சமயத்தில் அலுவலர் வந்தார். கூடவே கேமரா மாட்டிய உதவியாளர் ஒருவர். அலுவலர் தக்காளிப் பாத்தியைப் பார்க்கவில்லை, பீன்ஸ் பந்தலைப் பார்க்கவில்லை. நேராக வேப்ப மரத்தடிக்குப் போய் நின்றார்.

“இது என்ன?”

“நாற்காலி சார்.”

“எதுக்கு?”

“உட்கார.”

“உட்கார்ந்து?”

“பாக்கறது.”

“எதை?”

கடைக்காரர் சுற்றிலும் பார்த்தார். “எல்லாத்தையும்தான் சார்.”

“குறிச்சுக்குங்க,” என்றார் அலுவலர் உதவியாளரிடம். “முதுகு சாயும் இருக்கை ஒண்ணு. பார்வையிடும் நோக்கத்தோட.” பிறகு கடைக்காரரிடம் திரும்பி, “முக்காலின்னா பரவாயில்ல. முக்காலியில உட்கார்ந்தா இடுப்பு வலிக்கும், அது உழைப்பு. சாய்மானம் வந்தாலே ஓய்வு. விதி ரொம்பத் தெளிவா இருக்கு,” என்றார்.

நாற்காலியைச் சிவப்பு நாடாவால் கட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். அந்தச் சமயம் பார்த்து மனைவி வேலிப் பக்கம் திரும்பி, “பெரியம்மா, அங்க போகாத!” என்று கத்தினாள்.

அலுவலர் மரியாதையாகச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். “வீட்டுப் பெரியவங்களா?”

ஆடு வந்து நின்றது. தலையைச் சாய்த்து அவரை எடைபோட்டது.

“பேர் வச்சிருக்கீங்க,” என்றார் அலுவலர். குரல் வருத்தமாக இருந்தது. “பேர் இருந்தா அது செல்லப் பிராணி. செல்லப் பிராணி இருந்தா அது இன்பம். தொழில்ல இருக்கிறதுக்கு எண்தான் சார் உண்டு. எனக்கே எண்தான்.” கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினார். அதில் பெயர் இல்லை.

போகிற வழியில் பாத்தியிலிருந்து ஒரு தக்காளியைப் பறித்து, “ருசியா இருக்குமா?” என்று கேட்டார்.

“ஒரே புளிப்பு சார்,” என்று மனைவி முந்திக்கொண்டாள். “வாயில வைக்க முடியாது.”

சோதனைக்காக அலுவலர் ஒரு கடி கடித்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று, வெகுநாள் பூட்டியிருந்த வீட்டில் விளக்கு எரிந்ததுபோல, லேசாக அசைந்தது. உடனே வேலியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். சிறிது நேரம் கழித்துத் திரும்பியபோது முகம் பழையபடி ஆகியிருந்தது.

“இதைக் குறிக்க வேண்டாம்,” என்றார் உதவியாளரிடம்.

அடுத்த பார்வையிடலுக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. கடைக்காரர் நாற்காலியின் சாய்மானத்தை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டு, அதை முக்காலி என்று கணக்கில் எழுதினார்.

“கால் நாலையும் சேத்து அறுத்துடுங்க,” என்றாள் மனைவி. “தரையில உட்கார்ந்தா இன்னும் நல்லா கஷ்டமா இருக்கும்.”

பெரியம்மா ‘இருப்பு எண் ஒன்று’ ஆனாள். சின்ன ஆடு இருப்பு எண் இரண்டு. வாத்துகள் ஒட்டுமொத்தமாக ‘நடமாடும் இருப்பு’. வேலைக்கு வரும்போதும் போகும்போதும் அடிக்க ஒரு மணி வாங்கிக் கட்டினார்கள். துறை நடத்திய ‘ஆடு வளர்ப்பில் லாப நோக்கம்’ என்ற வகுப்புக்குக் கடைக்காரர் போய்வந்தார். வகுப்பு எடுத்தவர் ஆட்டைப் படத்தில் காட்டினார். அந்தப் படத்தில் இருந்தது செம்மறியா என்று ஒருவர் கேட்டதற்கு, வகைப்பாடு அடுத்த வகுப்பில் வரும் என்றார்.

அலுவலர் இரண்டாம் முறை வந்தபோது முக்காலி இருந்தது, மணி இருந்தது, கடைக்காரர் வேலைநேர அட்டையைச் சட்டையில் குத்தியிருந்தார்.

“இருப்பு எண் ஒண்ணைக் காட்டுங்க.”

“இருப்பு எண் ஒண்ணே!” என்று கடைக்காரர் கூப்பிட்டார். ஆடு வேலிக் கோடியில் மேய்ந்துகொண்டிருந்தது. அசையவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். ஆடு காதை ஒருமுறை ஆட்டிவிட்டு முதுகைக் காட்டி நின்றது. நாக்கு நுனிவரை அந்தப் பெயர் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார்.

“வேற பேருக்கு வருமோ?” என்றார் அலுவலர் இனிமையாக.

“இல்ல சார். காது மந்தம்.”

“பழக்குங்க. தீவனம் கொடுக்கும்போதெல்லாம் எண்ணைச் சொல்லுங்க. நாங்ககூட முதல்ல எண்ணுக்குத் திரும்ப மாட்டோம். போகப் போக சரியாயிடும்.”

அதன்பின் கடைக்காரருக்குத் தூக்கம் குறைந்தது. தோட்டத்துக்குள் நுழைந்தால் முதலில் வேலிக்கு வெளியே யாராவது கேமராவோடு நிற்கிறார்களா என்று பார்ப்பார். வாத்து காலடிக்கு வந்தால் காலை நகர்த்திக்கொள்வார். வெயில் இதமாக இருந்தால் பயம் வரும். மணி அடித்து உள்ளே போய், முக்காலியில் இடுப்பு வலிக்க உட்கார்ந்து, மறுபடி மணி எப்போது அடிக்கும் என்று கடிகாரத்தைப் பார்ப்பார். அவர் நடிக்கிறார் என்றுதான் மனைவி முதலில் நினைத்தாள்.

“யாரும் இல்லைங்க. கொஞ்சம் சிரிங்களேன்,” என்றாள் ஒரு நாள்.

“எதுக்கு?” என்று கேட்டார் அவர். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

முடிவெடுக்கும் குழு கூடியது. நீள மேசைக்குப் பின்னால் தலைவர், சட்ட உறுப்பினர், பொதுமக்களின் பிரதிநிதி என்று மூன்று பேர். பொதுமக்களின் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தவர் பக்கத்து நிலத்து எஸ்டேட்காரர். வருத்தமான முகத்தோடு முந்திரிப் பருப்பை மென்றுகொண்டிருந்தார்.

“மகிழ்ச்சிக்கு இந்தத் துறை எதிரி இல்ல,” என்று தலைவர் தொடங்கினார். “அது எங்க இருக்குன்னு மட்டும் தெரிஞ்சா போதும், நாங்க அங்க வந்துருவோம்.”

உதவியாளர் ஒரு புகைப்படத்தைப் பெரிதாக்கி மேசைமேல் வைத்தார். ஏழாம் ஜன்னலுக்குப் போய்வந்த அதே வாரத்தில் வேலிக்கு வெளியிலிருந்து எடுத்தது. கடைக்காரர் சாய்வு நாற்காலியில் இருக்கிறார். செருப்பின்மேல் ஒரு வாத்து தூங்குகிறது. அவர் முகம் மலர்ந்திருக்கிறது.

“இது சிரிப்பு,” என்றார் மதிப்பீட்டு அலுவலர்.

“வெயிலுக்குக் கண் கூசுது,” என்றார் ஆடிட்டர்.

“சிரிப்பு.”

“கூச்சம்.”

“எங்க எஸ்டேட்ல கூச்சமே கிடையாது,” என்றார் பொதுமக்களின் பிரதிநிதி. “நிழல் அதிகம்.”

கண் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் நிபுணர் கருத்து தேவை என்று சட்ட உறுப்பினர் சொன்னார். துறை அங்கீகரித்த கண் நிபுணர்களின் பட்டியலைப் பார்த்தார்கள். இந்த வட்டாரத்துக்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

“அவரேதான் சார் மனுதாரர்,” என்றார் ஆடிட்டர்.

தலைவர் யோசித்தார். “பட்டியலை மாத்தறதுக்கு மேலிடத்து அனுமதி வேணும். அதுக்கு ரெண்டு வருஷம் ஆகும். மனுதாரர் கொஞ்சம் வெளியே போகட்டும். நிபுணரை உள்ளே கூப்பிடுங்க.”

கடைக்காரர் வெளியே போனார். கதவு மூடியது. அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே வந்தார். இம்முறை உட்கார நாற்காலி கொடுத்தார்கள். சாய்மானம் வைத்தது. நிபுணருக்கான கட்டணம் உண்டு என்றும் அதில் வரி பிடித்துக்கொள்ளப்படும் என்றும் தெரிவித்தார்கள்.

அவர் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் படத்தின்மேல் வைத்தார். பின்வரிசையில் மனைவி முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். ‘கூச்சம்’ என்று ஒரு வார்த்தை. நிலம் நிற்கும். அவ்வளவுதான்.

ஆனால் கண்ணைப் பற்றி அவர் இதுவரை பொய் சொன்னதில்லை. அவர் சொல்லை நம்பிப் பேருந்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலும், கண்ணாடிக்குள் பெரிதாகத் தெரிந்த அந்த முகத்தை அவரால் சட்டென்று அடையாளம் காண முடியவில்லை. கூசினால் புருவம் இறங்கும். இதில் இறங்கவில்லை. கன்னம் மேலே ஏறி, கடைக்கண்ணில் மூன்று கோடுகள் விரிந்திருந்தன. யாரோ ஒரு நல்ல மனிதர் என்று தோன்றியது.

“சிரிப்புதான்,” என்றார்.

ஆடிட்டர் கோப்பை மூடினார். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆனா இந்த ஆளை நான் இப்ப பாக்கறதில்லைங்க,” என்றார் கடைக்காரர். நிபுணராகப் பேசினாரா மனுதாரராகப் பேசினாரா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. “தினமும் முகம் மழிக்கும்போது கண்ணாடியில வர்றது வேற ஒருத்தர். நம்பிக்கை இல்லைன்னா நீங்களே பாருங்க.”

அவரை விளக்குக்குக் கீழே நிறுத்தினார்கள். அவருடைய கைவிளக்கையே வாங்கித் தலைவர் அவர் கண்ணுக்குள் அடித்தார். படத்தை ஒரு கையில் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

“இதுவா, அதுவா?” என்று மற்றவர்களைக் கேட்டார். “எது தெளிவு?”

மூன்று பேரும் மாறி மாறிக் குனிந்து பார்த்தார்கள். மதிப்பீட்டு அலுவலரும் வந்து பார்த்தார். எங்கும் சந்தேகத்துக்கு இடமில்லை. அலுவலரின் முகத்துக்கும் இந்த முகத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருந்தது.

தலைவர் எழுந்து நின்று அறிவித்தார். “துறை அந்த நிலத்துல கால் வைக்கிறதுக்கு முன்னால அங்க ஒரு பொழுதுபோக்கு இருந்திருக்கு. கால் வச்ச பிறகு தொழில் மட்டும்தான் இருக்கு. ஒரு குடிமகனை இவ்வளவு சீக்கிரமா உருவாக்கினதுக்கு மதிப்பீட்டு அலுவலரைப் பாராட்டறேன். இதை ஒரு திட்டமா எல்லா இடத்துக்கும் கொண்டுபோகணும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். மதிப்பீட்டு அலுவலருக்கு உதடு துடித்தது. பாராட்டை ரசித்ததாக யாரும் குறித்துவிடக்கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டார்.

கடைசி முத்திரை ஏழாம் ஜன்னலில். எழுத்தர் சான்றிதழை வாங்கிப் படித்தார். ‘மனுதாரர் மேற்படி நிலத்தில் எவ்வித இன்பமும் அடைவதில்லை என்று சான்றளிக்கப்படுகிறது. இந்நிலை நீடிக்கும்வரை செல்லும்.’

“எப்படி சார் இருக்கு தோட்டம்?” என்று கேட்டார் எழுத்தர்.

“தாங்க முடியல.”

“ரொம்ப சந்தோஷம்,” என்று சொல்லி முத்திரையைக் குத்தினார் எழுத்தர். குத்திய கையோடு வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார்.

அன்று மாலை இருவரும் நிலத்துக்குப் போனார்கள். மனைவி மணியைக் கழற்றி எறிந்தாள். முக்காலியை எட்டி உதைத்தாள். “முடிஞ்சுது பீடை! நாளைக்கே நல்ல நாற்காலியா வாங்கறோம்,” என்றாள். “இனி யாருக்கு பயம்? வாய் நிறைய கூப்பிடுங்க அவளை.”

கடைக்காரர் பழக்கத்தில் வேலியைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பெரியம்மா!”

ஆடு வேலிக் கோடியில் மேய்ந்துகொண்டிருந்தது. அசையவில்லை.

“பெரியம்மா! ஏ பெரியம்மா!”

மனைவியும் கூப்பிட்டாள். தீவனத் தட்டைத் தட்டிக் கூப்பிட்டாள். ஆடு காதைக்கூட ஆட்டவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று விட்டுவிட்டதுபோல் இருந்தது. இருட்டத் தொடங்கியது. இரவு வெளியே விட்டுவிட்டுப் போக முடியாது. கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இருப்பு எண் ஒண்ணு,” என்றார் அவர், மெதுவாக.

ஆடு தலையைத் தூக்கியது. புல்லை அப்படியே விட்டுவிட்டு, ஓடாமல், அவசரமில்லாமல், தலையைக் கீழே போட்டபடி வந்து கொட்டடி வாசலில் நின்றது. அவர் முகத்தை அது நிமிர்ந்து பார்க்கவில்லை. கதவு திறப்பதற்காகக் காத்திருந்தது.